செய்தவரும் சோதித்தவரும்

படிவத்தின் அடியில் இரண்டு கோடுகள்.
வேலை செய்தவர் என்று ஒன்று,
சோதித்துப் பார்த்தவர் என்று மற்றது.
இரண்டிலும்
த. தேசப்பன் என்றே எழுதுகிறேன்.
இரண்டாவதை மட்டும்
முதலாவதைப் பார்த்து எழுதுவதுபோல்
கொஞ்சம் நிதானமாக.

முன்னெல்லாம் ஒரு அதிகாரி வருவார்.
டீ குடிப்பார்.
மெயின் பாக்ஸைத் திறந்து, பார்க்காமலே மூடுவார்.
இப்போது புதுத் திட்டம்:
பரீட்சை எழுதி, பணம் கட்டி, அட்டை வாங்கியவன்
தன் வேலைக்குத் தானே சாட்சி.
அட்டையில் என் முகம்
யாரையோ காட்டிக்கொடுக்கப் போகிறவன் மாதிரி இருக்கிறது.

கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஏகவல்லியின் புது வீடு.
கீழே ஒன்று, மேலே ஒன்று, அதற்கும் மேலே தகரம்.
மீன் விற்ற காசு, சீட்டு எடுத்த காசு,
பற்றாததற்கு இரண்டு வளையல்.
எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டினேன்.
குழிக்குள்ளிருந்து
இந்தப் பக்கத்து மண்ணின் எண்ணெய் நாற்றம் வந்தது.
மெக்கரைச் சுழற்றினேன்,
முள் போகவேண்டிய இடத்துக்குப் போய் நின்றது.
டெஸ்ட் பொத்தானை அமுக்கினேன்,
டக்கென்று விழுந்தது.
கையெழுத்துப் போட்டேன்.
இரண்டு முறை.

அன்றிரவு கேட் மூடியிருந்தது.
பைக்கை அணைத்துவிட்டு
சரக்கு ரயிலை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தியெட்டாவது வேகனில் ஞாபகம் வந்தது:
மாடி பாத்ரூம், கீசர் லைன்.
ஒயர் அரை அடி பத்தவில்லை, கடை மூடும் நேரம்.
பைப்புக்குள்ளேயே ஒரு ஜாயின்ட் முறுக்கி
டேப் சுற்றி இழுத்துவிட்டேன்.
மறுநாள் அதன்மேல் பூச்சு, பூச்சின்மேல் டைல்ஸ்.
பைப்புக்குள் ஜாயின்ட் கூடாது.
பரீட்சையில் அது ஒரு மார்க் கேள்வி,
சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

மெக்கருக்கு அது தெரியவில்லை.
அதிகாரி வந்திருந்தால்
டீ ஆறியிருக்கும், அவ்வளவுதான்.
கல்மண்டபத்தில் ஒருவன்
கையெழுத்தை வாடகைக்கு விடுகிறான், ஐந்நூறு ரூபாய்.
ஒரு வீட்டையும் அவன் பார்த்ததில்லை.
அதனால் தூக்கம் வருகிறது அவனுக்கு.

காலையில் உளியும் சுத்தியுமாகப் போய் நின்றேன்.
ஏகவல்லி வாசலில் நண்டு அலசிக்கொண்டிருந்தாள்.
"இன்னா தேசா, கையெழுத்து போட்டாச்சு,
கரண்ட் வந்தாச்சு, தண்ணி நல்லா சுடுது.
இப்ப இன்னாத்துக்கு உளி?"
சொன்னேன்.
இன்னொரு நண்டை எடுத்தாள்.
"யாரு கண்டுபிடிச்சது?"
"நான்தான்."
"யாரு செஞ்சது?"
"நான்தான்."
"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து
டைல்ஸ் காசு குடுத்துருங்க."

ஒன்றை உடைத்தேன், பைப்பை அறுத்தேன்.
டேப் அவிழவில்லை. கருகவில்லை.
முறுக்கு கெட்டியாக, அப்படியே.
என் கை போட்டதிலேயே
நல்ல ஜாயின்ட் அதுதான்.
ஒரு நிமிஷம் கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியவில்லை.
வெட்டிப் போட்டுவிட்டு
சுவிட்சிலிருந்து கீசர்வரை
ஒரே ஒயராக இழுத்தேன்.
படிவத்தில் இதற்குக் கோடு கிடையாது.

கடையில் அந்தப் பச்சை தீர்ந்துபோயிருந்தது.
மூலக்கொத்தளம் வரை அலைந்து
அதற்கு அடுத்த பச்சைதான் கிடைத்தது.
பகலில் தெரியாது, லைட் போட்டால் தெரியும்.

ஏகவல்லியின் சின்னவன்
குளிக்கும்போதெல்லாம்
சோப்பு நுரைக் கையோடு
அந்த ஒரு டைல்ஸை மட்டும் தட்டுகிறானாம்,
உள்ளே யார் என்று கேட்டு.